ஐம்பத்தொன்றரைப் பாகைச் சாய்வு

கிழக்கு இலண்டனின் இல்ஃபோர்டில் அருந்ததி மறைவதே இல்லை. கல்யாணப் பந்தலில் ஐயர் பட்டப்பகலில் கையை நீட்டிக் காட்டும் அந்தச் சின்ன விண்மீன், யாழ்ப்பாணத்திலும் தஞ்சாவூரிலும் பல மாதங்களுக்கு மாலை வானில் அகப்படாது. இங்கே அது ஆண்டு முழுவதும், இரவு முழுவதும் இருக்கிறது. வசிட்டரோடு சேர்ந்து வட துருவத்தைச் சுற்றி வருகிறது. மிகத் தாழ்ந்து வரும் வேளையிலும் அடிவானத்துக்கு 16 பாகை மேலேதான் நிற்கிறது. அகத்தியர் கதை நேர்மாறு. தை, மாசி இரவுகளில் தமிழ்நாட்டின் தெற்கு வானில் ஒளிரும் அகத்திய விண்மீன், பிரகாசத்தில் வானத்திலேயே இரண்டாவது. அது இல்ஃபோர்டில் ஒருநாளும் உதிப்பதில்லை. தன் உச்சத்தை எட்டும் நேரத்திலும் அடிவானத்துக்கு 14 பாகை கீழேயே கிடக்கிறது.

இரண்டுக்கும் காரணம் ஒரே எண்: 51.56. இல்ஃபோர்டின் வட அட்சரேகை. வானத்தின் வட துருவம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கும் என்று கேட்டால், நாம் நிற்கும் ஊரின் அட்சரேகை எத்தனையோ அத்தனை என்பதுதான் விடை. யாழ்ப்பாணத்தில் 9.7, சென்னையில் 13, இல்ஃபோர்டில் ஐம்பத்தொன்றரைக்குச் சற்று மேல். விரித்த குடையின் உட்புறம் விண்மீன்களைப் பொட்டுப் பொட்டாக ஒட்டி, காம்பைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சுழற்றினால் பொட்டுகள் எப்படிச் சுற்றுமோ அப்படித்தான் வானம் சுற்றுவதாக நமக்குத் தெரிகிறது. ஊருக்கு ஊர் மாறுவது காம்பின் சாய்வு மட்டும். யாழ்ப்பாணத்தில் காம்பு ஏறக்குறையப் படுத்திருக்கிறது. இல்ஃபோர்டில் பாதிக்கு மேல் நிமிர்ந்திருக்கிறது.

இந்த அத்தியாயம் அந்தக் காம்பைப் பற்றியது. வானத்தைப் படம்பிடிக்க விரும்பும் ஒருவர், தன் தோட்டத்தில் நிறுத்தும் இரும்பு அச்சு ஒன்றை அந்தக் கண்ணுக்குத் தெரியாத காம்புக்கு இணையாக வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதை எவ்வளவு துல்லியமாகச் செய்கிறார் என்பதில்தான் படம் இருக்கிறது.

தொலைநோக்கி வைத்திருப்பவரிடம் பக்கத்து வீட்டு அங்கிள் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிசாக் காட்டும், தம்பி?" என்றுதான். நிலாவையும் சனியையும் கண்ணால் பார்க்கிறவருக்கு அது பொருத்தமான கேள்வி. மங்கலான விண்முகில்களைப் படம்பிடிக்கிறவருக்கு முதல் கேள்வி வேறு: குழாயைத் தாங்கி நிற்கும் மவுண்ட், ஒரு விண்மீனை எத்தனை நிமிடம் அசையாமல் பிடித்து வைத்திருக்கும்? கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை மவுண்ட்டுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் கிடைக்கிற சிறிய குழாயை வாங்குங்கள் என்று கேட்கிற எல்லோரிடமும் நான் சொல்கிறேன். நல்ல மவுண்ட்டின் மேல் வைத்த சிறிய லென்ஸ் படம் தரும். ஆடும் மவுண்ட்டின் மேல் வைத்த பெரிய கண்ணாடி கோடுகளைத்தான் தரும்.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த அளவைகளையே எடுத்துக்கொள்வோம்: ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. முழுநிலாவின் அகலம் சுமார் 31 கலை. பூமி 23 மணி 56 நிமிடம் 4 விநாடியில் ஒரு சுற்றை முடிப்பதால், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே ஓடும் வான நடுவரைக்கு அருகில் உள்ள விண்மீன் விநாடிக்கு 15 விகலை நகர்கிறது. 400 மி.மீ. குவியத் தூரமுள்ள சிறிய குழாயில், 3.76 மைக்ரான் பிக்சல்கள் கொண்ட கேமராவைப் பொருத்தினால் ஒரு பிக்சல் ஏறத்தாழ 2 விகலையைப் பார்க்கும். அதாவது ஒரு விநாடியில் விண்மீன் ஏழெட்டு பிக்சல்களைத் தாண்டி ஓடிவிடும். நமக்கு வேண்டியதோ ஐந்து நிமிடம்.

சாதாரண முக்காலி மேலும் கீழுமாகவும் இடமும் வலமுமாகவும் திரும்பும். அதில் இரண்டு மோட்டார்களைப் பொருத்திக் கணினியால் ஓட்டி விண்மீனைத் துரத்தலாம். கண்ணால் பார்க்க அது போதும். ஆனால் படத்தின் நடுவிலுள்ள விண்மீன் நின்ற இடத்தில் நின்றாலும் சுற்றியுள்ள வானம் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும். ஓரியன் கிழக்கில் படுத்தபடி எழுந்து, தெற்கில் நிமிர்ந்து, மேற்கில் மறுபக்கம் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் திரும்பல்தான் படத்தில் வட்டக் கோடுகளாக விழும். ஒரு அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துவிட்டால் இந்தத் தொல்லை அடியோடு போகிறது. பூமி கிழக்கே சுழலும் அதே வேகத்தில் அந்த ஒரே அச்சை மேற்கே சுழற்றினால் போதும். இதற்குத்தான் ஈக்குவடோரியல் மவுண்ட் என்று பெயர். சாய்ந்த அச்சு துருவ அச்சு. அதற்குச் செங்குத்தாக இருக்கும் இன்னொரு அச்சு, விண்மீனைக் குறிவைக்க வடக்கு தெற்காகத் திருப்புவதற்கு மட்டும்.

இன்று கடையில் விற்கும் மவுண்ட்டுகளில் பெரும்பாலானவற்றின் முன்னோடி 1824இல் பிறந்தது. யோசஃப் ஃபிரான்ஹோஃபர் என்ற ஜெர்மானியக் கண்ணாடிக் கலைஞர், இன்று எஸ்தோனியாவில் இருக்கும் தார்ட்டு நகரத்து ஆய்வகத்துக்கு 24 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்றைச் செய்து அனுப்பினார். குழாய் அச்சின் ஒரு பக்கம், அதைச் சமன்செய்யும் எதிர் எடை மறுபக்கம். இறங்கும் எடையால் ஓடும் கடிகாரப் பொறி ஒன்று துருவ அச்சைச் சுழற்றியது. ஜெர்மன் மவுண்ட் என்று இன்றும் சொல்லப்படும் அமைப்பு அதுதான். இங்கிலாந்தில் வேறொரு மரபு இருந்தது: அச்சை இரண்டு முனைகளிலும் தாங்குவது. கிரீனிச்சில் வெங்காய வடிவக் கூரைக்குள் நிற்கும், 1893இல் முதலில் நிறுவப்பட்ட 28 அங்குலத் தொலைநோக்கி அப்படிப்பட்ட ஆங்கில மவுண்ட்டில்தான் இருக்கிறது. இல்ஃபோர்டில் வாழ்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அந்தப் பெரிய இரும்புச் சட்டத்தின் சாய்வு அப்படியே நம் ஊரின் சாய்வும்கூட. பத்து கிலோமீட்டர் இடைவெளியில் அட்சரேகை 5 கலைதான் வேறுபடுகிறது.

இல்ஃபோர்டுக்கு இந்தக் கதையில் இன்னும் ஆழமான இடம் உண்டு. வரலாற்றில் நான் மிகவும் நேசிக்கும் பக்கங்களில் அது ஒன்று.

வானத்தை முதலில் படம்பிடித்தவர்களுக்கு மவுண்ட் அவ்வளவு நுட்பமாக இருக்கத் தேவையே எழவில்லை. 1850 ஜூலையில் ஹார்வர்டில் அபிஜித் விண்மீனைப் படம்பிடித்தபோது 100 விநாடிகள் ஒளி விழச் செய்தார்கள். சூரியனைத் தவிர வேறொரு விண்மீனின் முதல் படம் அது. அடுத்து வந்த ஈரத்தகடு முறையில் கண்ணாடியின் மேல் பூசிய கொல்லோடியன் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவி முடித்துவிட வேண்டும். பத்து, பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. நிலாவுக்கும் சூரியனுக்கும் அது போதும். விண்முகிலுக்குப் போதாது.

1871இல் ரிச்சர்ட் லீச் மாடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து தகட்டில் பூசி உலரவிடலாம் என்று எழுதினார். அந்த யோசனை அடுத்த சில ஆண்டுகளில் மெருகேறி வியாபாரத்துக்கு வந்தது. உலர் தகட்டை முன்கூட்டியே செய்து பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், ஒரு மணி நேரமோ நான்கு மணி நேரமோ வானத்தின் முன் திறந்து வைக்கலாம், மறுநாள் கழுவலாம். அப்படிப்பட்ட தகடுகளைச் செய்து விற்க 1879இல் ஆல்ஃப்ரெட் ஹியூ ஹார்மன் என்பவர் தொழில் தொடங்கிய இடம் இல்ஃபோர்ட், கிரான்புரூக் சாலையில் அவர் வீட்டின் நிலவறை. அன்று இது எசெக்ஸ் மாவட்டத்துச் சிற்றூர், இலண்டனின் புகையும் தூசியும் இன்னும் வந்து சேராத ஊர். ஈரமான ஜெலட்டின் பூச்சின் மேல் ஒரு தூசி விழுந்தாலும் தகடு கெட்டுவிடும் என்பதால் காற்றின் தூய்மை அந்தத் தொழிலுக்கு உயிர். நிலவறையில் தொடங்கிய வேலை பிரிட்டானியா வர்க்ஸ் என்ற தொழிற்சாலையாக வளர்ந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரின் பெயரையே தன் பெயராக எடுத்துக்கொண்டது. சென்னையிலும் கொழும்பிலும் ஸ்டூடியோ வைத்திருந்தவர்கள் 'இல்ஃபோர்ட்' என்று சொன்னால் அது ஃபிலிம் பெட்டிதான். அப்படி ஓர் ஊர் இருப்பது பலருக்குத் தெரியாது. 1976இல் நிறுவனம் இங்கிருந்து செஷயருக்குப் போய்விட்டது. ரோடன் தெருவில் தொழிற்சாலை நின்ற இடத்தில் இப்போது பேரங்காடி.

உலர் தகடு வானியலாளருக்கு நேரத்தைக் கொடுத்தது. நேரம் கிடைத்ததும் பழி முழுவதும் மவுண்ட்டின் மேல் விழுந்தது. 1880 செப்டம்பரில் நியூயார்க் அருகே ஹென்றி டிரேப்பர் ஓரியன் விண்முகிலை முதன்முதலாகப் படம்பிடித்தார், 51 நிமிடங்கள். 1883 ஜனவரியில் மேற்கு இலண்டனின் ஈலிங்கில், தொழிலால் பொறியாளரான ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன், தன் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்திய 36 அங்குலத் தொலைநோக்கியில் அதே விண்முகிலை 37 நிமிடங்கள் பிடித்தார். கண்ணுக்குத் தெரியாத விண்மீன்களும் அந்தத் தகட்டில் விழுந்திருந்தன. அரச வானியல் கழகம் அடுத்த ஆண்டே அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. காமனின் சாதனையில் பாதி மவுண்ட்டில் இருந்தது. துருவ அச்சைப் பாதரசத்தில் மிதக்க விட்டு உராய்வைக் குறைத்தார். கடிகாரப் பொறி செய்யும் சிறு பிழைகளை ஈடுகட்ட, தகட்டையே இரண்டு திசைகளில் நுணுக்கமாக நகர்த்தும் சட்டம் ஒன்றைச் செய்துகொண்டு, ஒரு விண்மீனை விடாமல் பார்த்தபடி கையால் திருத்திக்கொண்டிருந்தார். ஜனவரிக் குளிரில் 37 நிமிடம். இன்று நம் மடிக்கணினி செய்யும் 'கைடிங்' வேலை அன்று ஒரு மனிதரின் கண்ணும் விரலும்.

அந்தப் படம் எடுக்கப்பட்ட நகரத்தின் கிழக்குக் கோடியில், இன்றைய இல்ஃபோர்டின் வரிசை வீடு ஒன்றின் பின்தோட்டத்துக்கு வருவோம்.

முதல் கேள்வி துருவ விண்மீன் தெரிகிறதா என்பது. தோட்டம் வீட்டுக்குத் தெற்கே இருந்தால் வீடே வடக்கை மறைக்கும். ஆனால் இங்கே சாய்வு நமக்கு உதவுகிறது. கூரை முகடு 8 மீட்டர் உயரம், மவுண்ட் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரம் என்று கொண்டால், முகட்டிலிருந்து ஐந்தரை மீட்டர் தள்ளி நின்றாலே துருவம் முகட்டுக்கு மேலே வந்துவிடும். இதே வீடு யாழ்ப்பாணத்தில் இருந்தால் ஏறக்குறைய 40 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அதற்குள் பக்கத்து வளவின் தென்னைகள் வந்துவிடும்.

முக்காலியைப் புல்லில் வைக்காமல் கற்கள் பதித்த தரையிலோ, புல்தரையென்றால் கால்களுக்குக் கீழ் தடித்த பலகையிலோ வைப்பது நல்லது. ஈரமான இலண்டன் களிமண்ணில் கூர்மையான கால் இரவோடு இரவாக இறங்கும். கல்தரையில் கால்கள் நிற்கும் மூன்று இடங்களையும் பெயின்ட்டால் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த இரவு வேலை பாதியாகும். மட்டம் பார்ப்பது பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: முக்காலி மட்டமாக இல்லாவிட்டால் பின்தொடர்தல் கெடும் என்று. அச்சு துருவத்தை நோக்கினால் போதும், கால்கள் எப்படி நின்றாலும் விண்மீனுக்குக் கவலையில்லை. மட்டம் வேண்டியது நம் வசதிக்கு. மட்டமாக இருந்தால்தான் உயரத் திருகைத் திருகும்போது அச்சு உயரத்தில் மட்டும் மாறும், பக்கவாட்டுத் திருகுகள் பக்கவாட்டில் மட்டும் நகர்த்தும். சாய்ந்திருந்தால் ஒன்றைத் திருத்த இன்னொன்று கெடும்.

உயர அளவுகோலை ஐம்பத்தொன்றரைக்கு வைத்து, முக்காலியின் வடக்குக் காலை வடக்கே திருப்புகிறோம். திசைகாட்டி இங்கே நம்பகமானதுதான். 2019ஐ ஒட்டி, ஏறத்தாழ 360 ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாகக் கிரீனிச்சில் காந்த வடக்கும் மெய்யான வடக்கும் ஒன்றாக வந்தன. இன்னும் பெரிதாக விலகவில்லை. ஆனால் எஃகுக் கால்களுக்கும் மோட்டாருக்கும் அருகே ஊசியைக் கொண்டுபோனால் அது அவற்றைத்தான் வடக்கென்று காட்டும். தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

குழாய், கேமரா, பனி படியாமல் சூடாக்கும் பட்டி, கம்பிகள் எல்லாவற்றையும் பொருத்திய பிறகுதான் சமநிலை பார்க்க வேண்டும். எதிர் எடை இருக்கும் தண்டைக் கிடையாக நிறுத்திப் பூட்டைத் தளர்த்தினால் எந்தப் பக்கமும் விழக்கூடாது. இரண்டாவது அச்சுக்கும் அப்படியே. பற்சக்கரத்தில் ஓடும் மவுண்ட் என்றால், கடைசியில் கிழக்குப் பக்கம் இம்மியளவு கூடுதல் பாரம் இருக்கும்படி விடுவது வழக்கம். அப்போதுதான் மோட்டார் எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கும், பற்களுக்கு இடையில் உள்ள இடைவெளியில் சக்கரம் முன்னும் பின்னும் ஆடாது. உற்பத்தியாளர் சொல்லும் பாரத்தில் பாதியை மட்டுமே ஏற்றுவது படம்பிடிப்பவர்களின் பொதுவான நடைமுறை. நான் அதை மீறச் சொல்லமாட்டேன்.

இனித்தான் துருவம். துருவ விண்மீனை அச்சின் நடுவில் வைத்துவிட்டால் முடிந்தது என்றுதான் புதிதாக வருபவர் எல்லோரும் நினைக்கிறார்கள். துருவ விண்மீன் துருவத்தில் இல்லை. இன்றைக்கு அது 38 கலை விலகி, ஒரு முழுநிலாவின் அகலத்தைவிடக் கூடுதலான தூரத்தில், நாளுக்கு ஒருமுறை துருவத்தைச் சுற்றிவருகிறது. பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை தலையாட்டி முடிப்பதால் இந்த இடைவெளி மாறிக்கொண்டே வருகிறது. 2100ஐ ஒட்டி 27 கலையாகக் குறைந்து பிறகு மறுபடி விரியும். அச்சை நேராகத் துருவ விண்மீனுக்கே திருப்பிவிட்டால் என்ன ஆகும்? அச்சின் பிழை ஒரு கலை என்றால், மோசமான திசையில் விண்மீன் நிமிடத்துக்குக் கால் விகலைக்குச் சற்று மேல் விலகும். 38 கலைக்கு நிமிடத்துக்குப் பத்து விகலை. நம் கேமராவில் ஐந்து பிக்சல். ஒரு நிமிடப் படத்திலேயே விண்மீன்கள் அரிசிபோல் நீண்டுவிடும். பிழையை 5 கலைக்குள் கொண்டுவந்தால் ஐந்து நிமிடத்தில் ஆறரை விகலை. ஒரு கலைக்குள் கொண்டுவந்தால் ஒன்றேகால் விகலைதான், ஒரு பிக்சலுக்கும் குறைவு. குறி அந்த ஒரு கலை.

துருவ அச்சு பெரும்பாலும் உள்ளீடற்றது. அதற்குள் இருக்கும் சிறு குழலில் கண்ணை வைத்தால் கடிகார முகம்போல் வட்டம் தெரியும். இந்த நேரத்தில், இந்த இடத்தில் துருவ விண்மீன் அந்த வட்டத்தில் எத்தனை மணி நிலையில் இருக்க வேண்டும் என்று கைபேசிச் செயலி சொல்லும். திருகுகளைத் திருகி விண்மீனை அந்தப் புள்ளியில் உட்கார வைத்தால் மையத்தில் இருப்பது மெய்யான துருவம். குழலில் காட்சி தலைகீழ் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. இப்போது அதற்கும் அடுத்த வழி வந்துவிட்டது: அச்சைச் சுழற்றிச் சுழற்றி மூன்று படங்கள் எடுத்து, ஒவ்வொரு படத்திலும் உள்ள விண்மீன் கூட்டத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டு, அச்சு உண்மையில் எங்கே பார்க்கிறது என்று மென்பொருளே கணக்கிட்டுச் சொல்லிவிடும். துருவ விண்மீன் தெரியாத தோட்டத்திலும் இது வேலை செய்கிறது.

ஆனாலும் பழைய வழியை ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. துருவ விண்மீனைப் பார்க்காமலே, வானத்தின் ஓட்டத்தை மட்டும் பார்த்து அச்சைத் திருத்துவது அது. நேர் தெற்கே, வான நடுவரைக்கு அருகில் உள்ள விண்மீன் ஒன்றைக் குறுக்குக்கம்பியில் நிறுத்தி, மோட்டாரை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிழக்கு மேற்கு அசைவு மோட்டாருடையது, அதைப் பொருட்படுத்த வேண்டாம். விண்மீன் தெற்கே வழுவினால் அச்சு துருவத்துக்குக் கிழக்கே பார்க்கிறது. வடக்கே வழுவினால் மேற்கே பார்க்கிறது. பக்கவாட்டுத் திருகால் திருத்திவிட்டு, கிழக்கில் தாழ்வாக உள்ள ஒரு விண்மீனுக்குப் போக வேண்டும். அது தெற்கே வழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே வழுவினால் உயர்ந்திருக்கிறது. வழுவல் நிற்கும்வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு மணி நேரம் போகும். அந்த ஒரு மணி நேரத்தில் பூமியின் அச்சு என்பது பாடப்புத்தகப் படமாக இல்லாமல் கையால் தொட்டுத் திருத்தும் ஒன்றாக ஆகிவிடுகிறது.

அச்சு சரியானாலும் மோட்டார் இருக்கிறது. பெரும்பாலான மவுண்ட்டுகளில் மரை போன்ற தண்டு ஒன்று பற்சக்கரத்தைத் தள்ளுகிறது. வார்ம் கியர் என்பார்கள். சக்கரத்துக்கு 180 பற்கள் என்றால் அந்தத் தண்டு ஒரு சுற்றுக்கு 479 விநாடி, அதாவது எட்டு நிமிடம் எடுக்கும். எந்தப் பட்டறையிலும் முழுக்கச் சீரான மரையை வெட்ட முடியாது. எனவே எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை விண்மீன் கிழக்கும் மேற்குமாக ஊசலாடித் திரும்பும்; சாதாரண மவுண்ட்டில் அது சில விகலையிலிருந்து முப்பது நாற்பது விகலைவரை போகும். காமன் விரலால் செய்ததை இங்கே இன்னொரு சிறு குழலும் கேமராவும் செய்கின்றன. ஒரு விண்மீனை ஒன்றிரண்டு விநாடிக்கு ஒருமுறை படமெடுத்து, அது நகர்ந்த அளவுக்கு மோட்டாரைத் தட்டிக்கொடுக்கின்றன. இது வந்த பிறகு துருவத்தை அவ்வளவு துல்லியமாகப் பிடிக்க வேண்டியதில்லை என்று சிலர் சொல்வதுண்டு. சரியல்ல. கைடிங் ஒரு விண்மீனைத்தான் நிறுத்தும். அச்சு கோணலாக இருந்தால் மற்றவை அதைச் சுற்றித் திரும்பிக்கொண்டே இருக்கும், படத்தின் மூலைகளில் கோடு விழும்.

நீண்ட படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் படும்: ஒரே படத்தில் மட்டும் பளிச்சென்று ஒரு புள்ளியோ சிறு கீறலோ. பல நேரம் அது வான்கதிர் ஒன்று கேமராவின் சில்லைத் துளைத்துப்போன தடம். இல்ஃபோர்டுக்கு அதிலும் ஒரு பங்குண்டு. கொல்கத்தாவின் போஸ் ஆய்வு நிறுவனத்தில் தேவேந்திர மோகன் போஸும் பிபா சௌதுரியும் இல்ஃபோர்ட் தகடுகளை டார்ஜிலிங் பக்கத்து மலைகளில் மாதக்கணக்கில் வைத்துவிட்டுக் கழுவி, வான்கதிர்த் துகள்களின் தடங்களை அளந்து, 1940களின் தொடக்கத்தில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இரண்டாம் உலகப் போரால் அவர்களுக்குக் கூடுதல் உணர்திறனுள்ள தகடுகள் கிடைக்கவில்லை. போருக்குப் பின் மேம்பட்ட இல்ஃபோர்ட் தகடுகளைக் கொண்டு பிரிஸ்டலில் செசில் பவலின் குழு பையான் துகளைக் கண்டுபிடித்தது. 1950இல் பவலுக்கு நோபல் பரிசு. பிபா சௌதுரியின் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகள் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

ஹார்மன் நாடிவந்த தூய காற்றும் அன்றைய இருட்டும் இந்த ஊரில் இப்போது இல்லை. இல்ஃபோர்டின் வானம் நள்ளிரவிலும் சாம்பல் நிறம். தெருவிளக்கின் ஒளி ஒரு நிமிடத்திலேயே படத்தை நிரப்பிவிடுவதால், விண்மீன் மண்டலங்களை எடுப்பவர்கள் குறுகிய படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்து அடுக்குகிறார்கள். ஆனால் ஒளிரும் வாயுவாலான விண்முகில்களுக்கு வேறொரு வழி உண்டு. ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாகவும், மின்னேற்றம் பெற்ற ஆக்சிஜன் 500.7இல் பச்சைநீலமாகவும் ஒளிர்கின்றன. அந்தச் சில நானோமீட்டரை மட்டும் விட்டு மற்றதை அடைக்கும் வடிகட்டியை வைத்தால் நகரத்தின் ஒளியில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடுகிறது. ஆனால் உள்ளே வருவது சொற்ப ஒளி என்பதால் ஒவ்வொரு படமும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் வேண்டும். ஆகவே காட்டுக்குள் இருப்பவரைவிட நகரத்தில் இருப்பவருக்குத்தான் நல்ல மவுண்ட் கூடுதலாகத் தேவை. ஆவணி, புரட்டாசியில் அன்னம் என்ற விண்மீன் குழுவில் இருக்கும் வட அமெரிக்க விண்முகில் இல்ஃபோர்டில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் போகிறது. அதை இந்த வழியில் இங்கிருந்தே எடுக்கலாம்.

சாய்வு பறித்துக்கொள்வதும் உண்டு. மே மாதக் கடைசி வாரத்திலிருந்து ஜூலை மூன்றாம் வாரம்வரை இங்கே முழு இருட்டே வருவதில்லை. ஜூன் 21 நள்ளிரவில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 15 பாகைதான் இறங்குகிறது. வானியலாளர் கணக்கில் இருட்டுக்கு 18 வேண்டும். மார்கழியில் அதற்கு ஈடாக ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேர இருட்டு கிடைக்கிறது, மேகம் விட்டால்.

தாழ்ந்த அட்சரேகையில் இதே வேலை எப்படி என்பதற்கு நம்மிடமே நீண்ட அனுபவம் உண்டு. மதராஸ் வான் ஆய்வகத்துக்காக 1850இல் பாரிஸிலிருந்து வாங்கிய 6 அங்குலத் தொலைநோக்கி, 1898இல் சூரியனைப் படம்பிடிக்கும் கருவியாக மாற்றப்பட்டுக் கொடைக்கானலுக்குப் போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் தெளிந்த நாட்களில் எல்லாம் சூரியனைப் பதிவுசெய்து வந்தது. சென்னையின் 13 பாகையிலிருந்து கொடைக்கானலின் பத்தேகாலுக்கு மலையேறியபோது அதன் துருவ அச்சும் கிட்டத்தட்ட மூன்று பாகை தாழ வேண்டியிருந்திருக்கும். காவலூரில் 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் அச்சு பன்னிரண்டரைப் பாகைதான் எழும்புகிறது. படுத்துக் கிடக்கும் அவ்வளவு பாரமான அச்சை ஒரு முனையில் பிடித்துத் தாங்க முடியாது. அதனால் வடக்கில் பெரிய குதிரைலாட வளையம், தெற்கில் இன்னொரு தாங்கி என்று இரண்டு முனைகளிலும் ஏந்தியிருக்கிறார்கள்.

கோடை விடுமுறைக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஊருக்குப் போகும்போது மவுண்ட்டையும் பெட்டியில் எடுத்துச் செல்ல நினைப்பவர்கள் இல்ஃபோர்டில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து இருட்டு அந்த ஆசைக்குத் தகுதியானதுதான். புறப்படுவதற்கு முன் உயரத் திருகைக் கடைசிவரை இறக்கிப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனதில் வைத்துச் செய்த பல மவுண்ட்டுகள் 15 பாகைக்குக் கீழே இறங்காது. இறங்கினாலும் எதிர் எடை முக்காலிக் காலில் போய் முட்டும். முக்காலியின் வடக்குக் காலை மட்டும் குறுக்கி, அடித்தளத்தையே ஐந்தாறு பாகை வடக்கே சாய்ப்பது ஒரு வழி. பாரம் மூன்று கால்களுக்கு நடுவில் விழுகிறதா என்று பார்த்துச் செய்ய வேண்டும்.

அங்கே துருவ விண்மீன் அடிவானப் புழுக்கத்தில் மங்கித் தெரியும். தெரிந்தாலும் காற்று ஒளியை வளைத்து அதை 5 கலைக்கு மேல் தூக்கிக் காட்டும். இல்ஃபோர்டில் இந்தப் பிழை ஒரு கலைகூட இல்லை. இன்னொன்று: பக்கவாட்டில் ஒரு பாகை தவறினால் இல்ஃபோர்டில் அச்சு துருவத்திலிருந்து 37 கலைதான் விலகும், யாழ்ப்பாணத்தில் 59 கலை. பக்கவாட்டுத் திருகை அங்கே கூடுதல் கவனத்தோடு தொட வேண்டும். அதனால் ஊரில் நான் நம்புவது விண்மீனின் வழுவலைப் பார்த்துத் திருத்தும் அந்தப் பழைய வழியைத்தான். தெற்கு விண்மீனும் கிழக்கு விண்மீனும் இருந்தால் போதும், வடக்கே தென்னை மறைத்தாலும் கவலையில்லை. மவுண்ட்டை இயக்கும் கைப்பெட்டியில் ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் நேரத்தையும் மாற்றிவிட்டு, கோடைக்கால நேரத்தை நிறுத்திவிட்டு, ஐந்தரை மணி நேர வித்தியாசத்தைச் சேர்த்த பிறகே மோட்டாரை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரியனைக் கேட்டால் அது இல்ஃபோர்டில் ஓரியன் நிற்கும் பக்கமே திரும்பும்.